பாரதியார் விருந்தாளியாக வந்த ஊர்

செட்டிநாட்டு வீடு என்றதும் நம் பெண்களுக்கு நினைவுக்கு வருவது பர்மாத் தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும்தான். "இத்தனை பெரிய வீட்டை யாரம்மா பெருக்கித் துடைப்பது?" என்ற கேள்வியும் கூடவே வரும்! ஆனால் கானாடுகாத்தானுக்குப் போகிற சகோதரிகள் இன்னொரு விஷயத்தையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். கையில் காசில்லாத ஒரு கவிஞரை அழைத்து, உட்கார வைத்து, உபசரித்த ஊர் இது. அந்தக் கவிஞர் மகாகவி பாரதியார்.

காரைக்குடியிலிருந்து திருச்சி போகும் சாலையில் சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கிறது கானாடுகாத்தான். காரைக்குடியில் ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்த நானும் என் கணவரும் மறுநாள் காலையிலேயே பஸ் பிடித்துப் போனோம். வழியெல்லாம் செம்மண், ஆங்காங்கே கருவேல மரங்கள். ஆற்றுப் பாசனம் கிடையாது, மழையை நம்பிய சீமை. அதனால்தான் ஓட்டில் விழும் மழைத் தண்ணீர் முற்றத்தில் இறங்கி, வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போய்ச் சேரும்படி அந்தக் காலத்திலேயே திட்டம் போட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டிருந்த ஒரு வீட்டுக்குள் போனோம். "வாங்க, வாங்க" என்று ஓர் ஆச்சி அழைத்தார். முன் வாசலில் நின்று பார்த்தால் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, சமையல்கட்டு என்று பின் தெரு வாசல் வரைக்கும் ஒரே நேர்கோடு! வெளியே வெயில் கொளுத்துகிறது. உள்ளே மின்விசிறி இல்லாமலே குளுகுளுவென்று இருக்கிறது. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்த சுவர். தொட்டுப் பார்த்தேன், பீங்கான் மாதிரி வழவழவென்று இருந்தது. "இதை மாதக்கணக்கா இழைப்பாகளாம்" என்றார் ஆச்சி.

பாரதியார் இங்கே வந்தது 1919-ம் ஆண்டு. அவர் அப்போது எந்த நிலைமையில் இருந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டவரைக் கடலூரில் கைது செய்தார்கள். விடுதலையானதும் மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்தில் போய் இருந்தார். வருமானம் இல்லை. புத்தகம் போடப் பணமும் இல்லை. 1919 மே மாதம் எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் சீட்டுக்கவி எழுதி அனுப்பினார். பிறந்த ஊரிலிருந்து உதவி வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கானாடுகாத்தான் வயி.சு. சண்முகம் செட்டியார் அவரை வரவேற்றுத் தம் வீட்டில் தங்க வைத்தார். காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்து இளைஞர்களும் அழைத்துப் போய் மரியாதை செய்தார்கள். சண்முகம் செட்டியாரைப் பற்றி ஒரு பாட்டு, அந்தச் சங்கத்தாரைப் பற்றி ஒரு பாட்டு என்று இரண்டு பாடல்களைப் பாரதியார் இந்தச் சீமைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நமக்குக் கிடைத்திருக்கும் பாரதியார் புகைப்படங்கள் ஐந்தாறுதான். கையில் தடியோடு அவர் உட்கார்ந்திருக்கும் படம் காரைக்குடியில் எடுத்தது. அடுத்த இரண்டு வருஷத்தில், 1921 செப்டம்பரில், அவர் போய்விட்டார். அந்த அழைப்பு இல்லாவிட்டால் அந்தப் பாட்டுகளும் இல்லை, அந்த முகமும் இல்லை.

கவிஞர்களுக்கு மலையும் அருவியும் பார்த்தால்தான் பாட்டு வரும் என்று சொல்வார்கள். கடையத்தில் மலை இருந்தது, பச்சை வயலும் இருந்தது. கவலையும் இருந்தது! புதுச்சேரியில் சமையலுக்கு வைத்திருந்த அரிசியைக் குருவிகளுக்கு இறைத்தாரே, அந்தக் கதையைக் கேட்டு நாம் ரசிக்கிறோம். அன்றைக்கு உலையில் என்ன போடுவது என்று தவித்தவர் செல்லம்மாள் அல்லவா? எழுதுகிறவருக்கு வேளைக்குச் சாப்பாடு, ஒரு மூலை, "என்ன சம்பாதித்தீர்?" என்று கேட்காத மனிதர்கள், இவை கிடைத்தால் பொட்டல் காடும் போதும். பாரதியார் மறைந்த பிறகு, 1922-ல் பாரதி ஆச்ரமம் என்ற பெயரில் அவர் பாடல்களைப் புத்தகமாகக் கொண்டுவர முன்வந்தவரும் அந்தச் செல்லம்மாள்தான்.

1927-ல் காந்திஜி செட்டிநாட்டுக்கு வந்தார். மாளிகைகளில் குவிந்து கிடந்த வெளிநாட்டு அலங்காரச் சாமான்களைப் பார்த்து வருத்தப்பட்டார். பெல்ஜியம் கண்ணாடியால் ஒரு வீடு பெரிய வீடாகிவிடாது என்பதுதானே அதன் அர்த்தம்?

இன்று கானாடுகாத்தானில் சில வீடுகள் தங்கும் விடுதிகளாகி, விளக்கெரிந்து கொண்டிருக்கின்றன. பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில். பராமரிக்க முடியாமல் இடித்துவிட்டால், கதவும் தூணும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்துவிடுகின்றன. ஆச்சி சொன்ன ஒரு வார்த்தை மனசில் தைத்தது. "ஆள் புழங்காத வீடு தானா விழுந்துரும் தாயி."

எனக்கு ஓர் ஆசை. விடுதி நடத்துகிறவர்கள் வருஷத்தில் ஒரு மாதம், ஒரே ஓர் அறையை, எழுதுகிற ஒருவருக்கு இலவசமாகக் கொடுக்கலாம். அடுப்படி வேலை முடிந்து ராத்திரி பத்து மணிக்குப் பேனாவை எடுக்கிற ஒரு பெண்ணுக்குக் கொடுத்தால் இன்னும் விசேஷம்! காலையில் இரண்டு வெள்ளைப் பணியாரம், முற்றத்தைப் பார்த்து ஒரு மேஜை, அது போதும் அவளுக்கு.

நம்மால் மாளிகை கட்ட முடியாது. ஆனால் நம் வீட்டில் படிக்கிற பெண்ணோ, எழுதுகிற மருமகளோ இருந்தால், ஜன்னல் ஓரமாக ஒரு மேஜையைப் போட்டு, ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாமல் பார்த்துக்கொள்ள நம்மால் முடியும்தானே?