கார்ன்ஃபோர்த் நிலையத்தில் அரைமணி நேரம்

இங்கிலாந்தின் வடமேற்கில், லங்காஸ்டருக்குச் சற்று வடக்கே, கார்ன்ஃபோர்த் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அதன் ரயில் நிலையத்தை ஒரு கடிகாரத்துக்காகத் தேடி வருகிறவர்கள் உண்டு. நானும் நண்பரும் அப்படித்தான் போனோம்.

டேவிட் லீன் இயக்கிய 'ப்ரீஃப் என்கௌண்டர்' படத்தின் நிலையக் காட்சிகள் 1945 பிப்ரவரியில் இங்கே இரவுகளில் எடுக்கப்பட்டன. போர் முடிந்திருக்கவில்லை. லண்டனிலிருந்து வெகுதொலைவு என்பதால் விளக்குகளை எரியவிட்டுப் படம்பிடிக்க முடிந்தது. வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த, மணமான இருவர் வாரந்தோறும் சந்தித்துக் காதல்கொண்டு பிரிகிறார்கள். கதை அவ்வளவுதான். இறுதிப் பிரிவின்போது நாயகிக்குத் தெரிந்த பெண்ணொருத்தி வந்தமர்ந்து ஓயாமல் பேசுகிறாள். விடைபெறச் சொல்லின்றி அவன் நாயகியின் தோளை மெல்ல அழுத்திவிட்டுப் போகிறான்.

லங்காஸ்டரில் நானும் நண்பரும் ஒரே வீட்டில் குடியிருந்தோம். லீட்ஸில் வேலை கிடைத்து அவர் கிளம்பினார். லீட்ஸ் ரயில் கார்ன்ஃபோர்த்திலும் நிற்கும், கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அங்கிருந்து ஏறிக்கொள்கிறேன் என்றார். எங்களுக்குள் சில மாதங்களாக மனத்தாங்கல் இருந்தது. தவறு என்னுடையது. அன்று அதைச் சொல்லிவிடுவது என்றுதான் உடன் போனேன்.

அரைமணி நேரம் இருந்தது. சிற்றுண்டி அறையில் அமர்ந்தோம். படத்தில் வரும் அறை ஸ்டூடியோவில் போட்ட அரங்கு. இங்கிருப்பது பின்னாளில் அந்த அரங்கைப் பார்த்து அமைத்தது. இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தேனே தவிர சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. கடைசி ஐந்து நிமிடத்தில், எங்கள் பேச்சு காதில் விழுந்த மூதாட்டி ஒருவர் மகிழ்ச்சியோடு எங்கள் மேசைக்கே வந்துவிட்டார். படத்தைப் பற்றித் தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னார். ரயில் வந்தது. நண்பர் பையை எடுத்துக்கொண்டு கையசைத்துவிட்டு ஏறினார்.

இரண்டாண்டுகளில் நோயுற்று இறந்துபோனார்.

வெகுகாலம் அந்த மூதாட்டியை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகொருநாள் படத்தை மீண்டும் பார்த்தேன். பேசிக்கொண்டிருக்கும் தோழி செத்துப்போகக் கூடாதா என்று நாயகி நினைக்கிறாள். மறுகணமே அந்த எண்ணத்துக்காகத் தன்னைக் கடிந்துகொள்கிறாள். அங்கேதான் எனக்கு உறைத்தது. அவர் வருவதற்கு முன் இருபத்தைந்து நிமிடங்கள் என்னிடம் இருந்தன. அதற்கு முன் ஒரே கூரையின்கீழ் மாதக்கணக்கான நாட்கள் இருந்தன.

சில ஆண்டுகள் கழித்து மறுபடி அங்கே போனேன். பிரதான பாதையின் நடைமேடைகள் 1970-இல் மூடப்பட்டதிலிருந்து லண்டன் கிளாஸ்கோ விரைவு ரயில்கள் இங்கே நிற்பதில்லை. ஒன்று கடந்துபோனபோது கோப்பைகள் இலேசாக அதிர்ந்தன. பக்கத்து மேசையில் ஓர் இளம் ஜோடி. அந்தப் பெண் ஜன்னல்வழியே கடிகாரத்தைக் காட்டி ஏதோ கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். ஒருகாலத்தில் இங்கிருந்து கைமாறிப் போய்ப் பின்னர் மீட்டு வரப்பட்ட கடிகாரம் அது.

சொல்ல வாயெடுத்தவன், அவர்களுடைய பெட்டி ஒன்று மட்டுமே இருப்பதைக் கவனித்தேன். ஒருவர் மட்டும் போகிறார். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.