நான்கு பக்கமும் கரை உள்ள துணி

பிஸ்கட் பைக்கற்றைத் திருப்பி 'ஈ 120' இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தச் சிவப்பு, கள்ளிச் செடியில் ஒட்டி வாழும் கொச்சினீல் என்ற சின்னப் பூச்சியிலிருந்து வருவது. உலகத்துக்கு அதை அதிகம் கொடுப்பது பெரு நாடு. நாம் சாப்பாட்டில் தேடிப் பார்க்கும் அதே பூச்சியைக் காயவைத்து, அரைத்து, கொதிக்கவைத்துத்தான் அந்நாட்டு மலைப் பெண்கள் கம்பளி நூலுக்குச் சாயம் போடுகிறார்கள். கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விட்டால் சிவப்பு செம்மஞ்சளாக மாறும். இதை விஞ்ஞானப் பாடத்தில் சொன்னால் எங்கள் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள்.

குஸ்கோ நகருக்குப் பக்கத்தில் சின்செரோ என்றொரு ஊர். 3,700 மீற்றருக்கு மேல் உயரம். (நம்முடைய பிதுருதலாகலை 2,524 மீற்றர்தான்.) அங்கே தறியின் ஒரு முனை கம்பத்தில், மறு முனை நெய்பவளின் இடுப்பில். அவள் பின்னால் சாய்ந்தால் நூல் இறுகும், முன்னால் வந்தால் தளரும். லாமா எலும்பால் நூலைத் தட்டி இறுக்குகிறாள். முன்னால் வரைபடம் ஒன்றும் கிடையாது. எத்தனை இழை தூக்க வேண்டும் என்பதெல்லாம் மனக்கணக்கு.

இந்தக் கலை மங்கியதற்குக் கடைச் சாயமும் மலிவான இயந்திரத் துணியும் மட்டும் காரணமில்லை. பள்ளிக்கூடமும் ஒரு காரணம். செம்மறி மேய்க்கும் நேரத்தில்தான் பிள்ளைகள் நூற்கவும் நெய்யவும் பழகினார்கள். அந்த மணித்தியாலங்களைப் பள்ளிக்கூடம் எடுத்துக்கொண்டது. ஆசிரியர்களான எங்களுக்கு இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அதே ஊரில் பிறந்து, ஆடு மேய்த்துக்கொண்டே நெய்யப் பழகி, பின்பு பல்கலைக்கழகமும் போனவர் நில்டா கய்யாஞாவ்பா. 1996இல் குஸ்கோவில் மரபு நெசவுக்கென ஒரு நிலையத்தை மற்ற நெசவாளர்களோடு சேர்ந்து தொடங்கினார். மூத்த பெண்களிடம் கேட்டுக் கேட்டுப் பழைய சாயங்களையும் கோலங்களையும் மீட்டார்கள். பிள்ளைகளுக்கும் அங்கே குழுக்கள் உண்டு. ஒடுக்கமான நாடா நெய்வதுதான் முதல் பாடம். பள்ளிக்கூடம் விட்டு வந்து நெய்கிறார்கள், அதுவே எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

இப்போது வெளிநாட்டு நாகரிக உடைக்காரர்களும் 'நியாய விலை' என்று சொல்லி அந்த மலைக்கு வருகிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் ஒரு சிக்கல். அந்தத் துணிக்கு நான்கு பக்கமும் கரை உண்டு. தறியிலிருந்து வெட்டி எடுப்பதே இல்லை, முழுசாக நெய்து முடித்துக் கழற்றுவார்கள். கைப்பைக்கும் சட்டைக்கும் வேண்டுமென்றால் அதில் கத்தரிக்கோல் வைக்க வேண்டும். நூறு துண்டும் ஒரே சிவப்பில் வேண்டுமென்றும் கேட்பார்கள். பானையில் காய்ச்சும் சாயம் இரண்டு தரம் ஒரே மாதிரி வராது.

விலை பேசும்போது பலர் தறியில் இருந்த நாட்களை மட்டும் எண்ணுகிறார்கள். கம்பளியைக் கழுவி, கையால் நூற்று, முறுக்கி, சாயம் போட்டு எடுக்கும் வேலை அதற்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. நடக்கும்போதும் கதைக்கும்போதும் அவர்கள் கையில் கதிர் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்துக்கு யார் கூலி எழுதுவது?