இன்னும் பத்து நிமிடம் கொடுத்திருக்கலாம்

தொலைக்காட்சிப் போட்டிகளைப் பற்றி நேயர்கள் சொல்லும் அபிப்பிராயங்களை வெறும் பொழுதுபோக்குப் பேச்சென்று ஒதுக்கிவிடுவோர் பலர். பத்திரிகை அலுவலகத்தில் வாசகர் கடிதங்களைத் தெரிவுசெய்யும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற வகையில் எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு சமூகம் எதை மதிக்கிறது, எதைக் காணாமல் விடுகிறது என்பது அரசியல் கடிதங்களைவிட இத்தகைய கடிதங்களிலேயே கூடுதலாகத் தெரியவரும். பிரித்தானியாவில் ஒளிபரப்பாகும் ஒரு தையல் போட்டியைப் பற்றி அங்குள்ள உறவினரும் நண்பரும் சொல்பவற்றைச் சில ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். அவற்றை இங்கே பதிவுசெய்வது பயனுடையதென்று தோன்றுகிறது.

‘த கிரேட் பிரிட்டிஷ் சோயிங் பீ’ என்பது அந்நிகழ்ச்சியின் பெயர். 2013 ஏப்ரலில் பிபிசியின் இரண்டாவது அலைவரிசையில் நான்கே வாரங்கள் கொண்ட சிறு தொடராக ஆரம்பித்து, 2020 இல் முதலாவது அலைவரிசைக்கு உயர்ந்தது. தையலைத் தொழிலாகக் கொள்ளாத சாதாரண மனிதர்களே போட்டியாளர்கள். வாரந்தோறும் மூன்று சோதனைகள். முதலாவதில், கொடுக்கப்பட்ட வெட்டு மாதிரியைப் பின்பற்றி எல்லோரும் ஒரே வகை உடையைத் தைக்க வேண்டும். இரண்டாவதில், பழைய துணிகளைப் பிரித்துக் குறுகிய நேரத்துக்குள் முற்றிலும் புதிய உடையொன்றாக மாற்ற வேண்டும். மூன்றாவதில், எதிரே நிற்கும் ஒருவரின் உடலளவுக்குப் பொருந்தத் தைக்க வேண்டும். இலண்டன் சவில் றோ வீதியில் தையலகம் நடத்திய பற்றிக் கிராண்ட் ஆரம்பந்தொட்டே நடுவர். 2016 இல் அவரோடு எஸ்மி யங் இணைந்தார். ஒரு காலத்தில் நண்பிகளோடு சேர்ந்து ஆடைக்கடை நடத்தியவர். பின்னர் கலைக்கல்லூரியில் வெட்டும் தையலும் கற்பித்தவர்.

இந்நிகழ்ச்சியின் நேயர்களை நான் மூன்று கட்சியினராகப் பிரிப்பேன்.

முதற் கட்சியினர் ஊசியில் நூல் கோக்கவும் அறியாதவர்கள். இவர்களுக்குப் பிடித்தது போட்டியிலுள்ள பண்பு. சண்டையில்லை, சூழ்ச்சியில்லை. ஒருவர் தையல் பிசகித் திண்டாடினால் பக்கத்து மேசைக்காரர் தன் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து உதவுகிறார். வாரமுடிவில் ஒருவர் வெளியேறும்போது எஞ்சியவர்கள் உண்மையாகவே அழுகிறார்கள். முதலாவது ஆண்டில் வென்ற ஆன் றௌலி என்ற அம்மையாருக்கு அப்போது வயது 81. 2020 இல் வென்றவர் நுரையீரல் வைத்தியர். 2023 இல் வென்றவர் மார்புச் சத்திரசிகிச்சை நிபுணர். “உடம்பைத் தைக்கிற கைக்குத் துணி தைக்கிறது பெரிய காரியமே?” என்று இலண்டனில் வாழும் நண்பரொருவர் சிரித்தார். நல்ல மனிதர்களைப் பார்த்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருக்கலாம் என்பதே இக்கட்சியின் தீர்ப்பு. அதில் தவறு காண எனக்கு மனமில்லை.

இரண்டாம் கட்சியினர் தைக்கத் தெரிந்தவர்கள். என் தங்கை இக்கட்சியைச் சேர்ந்தவள். நிகழ்ச்சி முடிந்த கையோடு தொலைபேசியில் அழைத்துக் குற்றப்பத்திரிகை வாசிப்பாள். முகங்களைக் காட்டும் அளவுக்குக் கைகளைக் காட்டுவதில்லை. கழுத்துப்பட்டியை எப்படித் திருப்பினார்கள் என்று பார்க்க ஆசைப்பட்டால் அதற்குள் பகிடி வந்துவிடுகிறது. ஆரம்ப ஆண்டுகளில் தையலின் வரலாறு பற்றிச் சிறு துண்டுகள் காட்டினார்கள், அவை போய்விட்டன. பழைய துணியைப் பிரித்து மாற்றும் சோதனையில் பிறப்பவை ஒருமுறையும் உடுக்க முடியாத வேடிக்கை உடைகள்.

எல்லாவற்றுக்கும் மேலாக அவளுடைய முறைப்பாடு நேரத்தைப் பற்றியது. “இன்னும் பத்து நிமிசம் குடுத்திருந்தால் அந்தப் பிள்ளை விளிம்பை ஒழுங்காய் மடிச்சிருக்கும், அண்ணா. மணிக்கூட்டை வைச்சு வெருட்டினால் நல்ல தையல் வருமே?”

இம்முறைப்பாட்டை நான் வேறு பலரிடமும் கேட்டிருக்கிறேன். தைக்கத் தெரிந்த எவரும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. அது எங்கள் வீட்டில் பழைய கதையும்கூட. எங்கள் அம்மா யாழ்ப்பாணத்தில் ஒரு சிங்கர் கைமெசினில் அயலவருக்குச் சட்டை தைத்துக் கொடுத்தவர். தீபாவளிக்கு முதல்நாள் துணியோடு வந்து நிற்பவர்களை அவர் திருப்பி அனுப்பிவிடுவார். காசு தேவையில்லாமலல்ல. வெட்டிய துணிக்கு ஓர் இரவு பொறுமை வேண்டும் என்பது அவர் கட்சி. மெசினில் ஓட்டும் நேரம் கொஞ்சம். அளப்பதும், வெட்டுவதும், ஊசியால் நூலோட்டிப் பொருத்திப் பார்ப்பதும், சரிவராவிட்டால் பிரிப்பதுமே பெரும்பகுதி. தங்கை தையலோடு அந்தப் பிடிவாதத்தையும் அவரிடம் கற்றுக்கொண்டாள்.

மூன்றாம் கட்சியினர் கூலிக்குத் தைத்தவர்கள். இவர்களின் அபிப்பிராயத்தை யாரும் கேட்பதில்லை. இலண்டன் சென்றிருந்தபோது தங்கையின் அயலில் வசிக்கும் ஓர் அம்மையாரைச் சந்தித்தேன். எண்பத்துமூன்று கலவரத்தின் பின் அங்கு சென்று, வீட்டு அறையொன்றில் மெசின் போட்டு, துண்டுக்கு இவ்வளவு என்ற கணக்கில் பதினேழு ஆண்டுகள் காற்சட்டைகளுக்குச் சிப் வைத்தவர். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். ஒரு வாரமும் தவறாமல் இந்நிகழ்ச்சியைப் பார்ப்பவர்.

“தம்பி, அதுகளுக்கு நேரம் காணாதாம். நான் ஒரு சிப்புக்குப் பத்து நிமிசம் எடுத்திருந்தால் அண்டைக்குப் பால் காசும் மிஞ்சியிராது” என்றார்.

“பிறகேன் அக்கா விடாமல் பார்க்கிறியள்?”

“அந்த மனிசி உடுப்பை உள்ளுக்கு மறிச்சுப் பார்க்கிறா, கண்டனியளே? என்ரை தையலை ஒருத்தரும் அப்பிடிப் பார்க்கேல்லை. பிழை பிடிக்கிறதுக்கு மறிச்சுப் பார்த்தவங்கள். வடிவாய் இருக்கெண்டு சொல்லுறதுக்கு ஒருநாளும் மறிக்கேல்லை.”

இந்நிகழ்ச்சியைப் பற்றி நான் கேட்ட அபிப்பிராயங்களுள் என்னை அதிகம் யோசிக்கவைத்தது இதுதான்.

முதலாவது தொடரின் இறுதிப் போட்டி ஒளிபரப்பானது 2013 ஏப்ரல் 23 ஆம் திகதி. அதே நாளில், வங்காளதேசத் தலைநகர் டாக்காவுக்கு அண்மையிலுள்ள சவாரில், ரானா பிளாசா என்ற எட்டுமாடிக் கட்டடத்தின் சுவர்களில் வெடிப்புகள் தென்பட்டன. கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேல்மாடி ஆடைத் தொழிற்சாலைகளின் தொழிலாளரோ மறுநாட் காலை வேலைக்குத் திரும்புமாறு பணிக்கப்பட்டார்கள். 24 ஆம் திகதி கட்டடம் இடிந்து விழுந்து 1,100 இற்கும் அதிகமானோர் மாண்டார்கள். அவர்கள் தைத்தவற்றில் ஒரு பகுதி பிரித்தானியக் கடைகளுக்குப் போகவிருந்த உடைகள். இரண்டு நிகழ்வுகளுக்கும் தொடர்பு ஏதுமில்லை. நாட்கள் மட்டும் அடுத்தடுத்து வந்தன. ஆனால் ஒரே நாட்டு மக்கள் ஒரே வாரத்தில் தையலின் இரண்டு முகங்களையும் தங்கள் திரையில் பார்த்தார்கள்.

இதில் எங்கள் நாட்டுக்கும் பங்குண்டு. கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் 1978 இல் திறக்கப்பட்ட காலந்தொட்டு இலங்கைப் பெண்கள் மேலைநாட்டுக் கடைகளுக்குத் தைத்து வருகிறார்கள். போர் முடிந்தபின் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் அத்தகைய தொழிற்சாலைகள் வந்தன. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் செய்தி சேகரிக்க வலயத்துக்குச் சென்றிருக்கிறேன். அங்கே ஒருவர் முழுச் சட்டை தைப்பதில்லை. ஒருத்தி கை பொருத்துவாள், ஒருத்தி கழுத்துப்பட்டி வைப்பாள், இன்னொருத்திக்குத் தெறித்துளை மட்டும். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நிமிடம் என்று முன்கூட்டியே கணக்கிட்டிருப்பார்கள். அதிலிருந்து மணித்தியாலத்துக்கு இத்தனை துண்டு என்ற இலக்கு பிறக்கும். வரிசையின் முடிவில் தொங்கும் பலகையில் இலக்கும் எட்டிய தொகையும் எழுதப்பட்டிருந்தன. ‘டார்கெட்’ என்பது அங்கே சிங்களத்துக்கும் தமிழுக்கும் பொதுச் சொல். எட்டமுடியாமற் போன பிள்ளைக்கு “இன்னும் பத்து நிமிடம் கொடுங்கள்” என்று பரிந்து பேச எந்த நேயரும் இல்லை.

ஆகவே என் தங்கையின் முறைப்பாடு அற்பமானதல்ல என்பதே என் எண்ணம். ஓர் உடைக்குள் எவ்வளவு நேரம் தைக்கப்பட்டிருக்கிறது என்பதை இலட்சக்கணக்கான மக்களுக்கு இந்நிகழ்ச்சி காட்டியிருக்கிறது. கட்டுரைகளாலும் கண்டன ஊர்வலங்களாலும் எளிதில் செய்யமுடியாத காரியம் அது. நடுவர் பற்றிக் கிராண்ட், நாம் அளவுக்கு மிஞ்சி உடைகளை வாங்குகிறோம், குறைவாகவும் நல்லதாகவும் வாங்க வேண்டும் என்று திரைக்கு வெளியே விடாமல் வாதாடி வருபவர். ‘லெஸ்’ என்ற நூலை 2024 இல் அதற்காகவே எழுதினார். எனினும் போட்டியாளருக்காகப் பத்து நிமிடம் கேட்கும் அதே நேயர், மறுநாள் கடையில் மிக மலிவான சட்டையைத் தேடி எடுக்கும்போது, அந்த மலிவு யாருடைய நிமிடத்தில் பிடிக்கப்பட்டது என்று கேட்பதில்லை. தொலைக்காட்சி அந்தக் கேள்வியின் வாசல்வரை அவரை அழைத்துவந்து விட்டுவிடுகிறது.

அந்த வரலாற்றுத் துண்டுகளை மீண்டும் காட்டுங்கள் என்று கேட்கும் நேயர்களோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். ஒரு சிறு வேண்டுகோள் மட்டும் உண்டு. அவற்றுள் ஒன்றிலாவது, கிளிநொச்சியிலோ கட்டுநாயக்கவிலோ கழுத்துப்பட்டி வைக்கும் பெண்ணொருத்தியை அந்த மேசையில் இருத்தித் தைக்கச் சொல்லுங்கள். மணிக்கூட்டை நிறுத்திவிடுங்கள். முடிந்ததும் எஸ்மி யங் அம்மையார் அந்தச் சட்டையை உள்ளே மறித்துப் பார்த்து, தம் கருத்தைச் சொல்லட்டும். தங்கையின் அயலில் ஒருவர் அதைக் கேட்கக் காத்திருக்கிறார்.