ஒரு டாலர் பஸ்ஸும் ஒரு கையெழுத்தும்

சியாட்டல் பக்கம் இருக்குற நம்ம மக்கள் பலருக்கு ஆர்கா கார்டுன்னா கம்பெனி குடுக்குற ஓசி பஸ் பாஸ். மென்பொருள் ஆசாமிகள் டிக்கெட் விலை என்னன்னு தெரியாமலே வருஷக்கணக்கா பஸ்ஸில் போவோம். அதே பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பாத்திரம் கழுவப் போறவர் முழுக் காசு குடுத்துட்டு உக்காந்திருப்பார். கொடுமைதான், ஆனா அதுதான் நிலவரம்.

இதைச் சரி பண்ணத்தான் 2015 மார்ச்சில் கிங் கவுண்டி மெட்ரோ, ஆர்கா லிஃப்ட்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. குடும்ப வருமானம், மத்திய அரசு போட்டிருக்கிற வறுமைக்கோட்டைப் போல ரெண்டு மடங்குக்குள்ள இருந்தா சலுகை உண்டு. 2025 கணக்குப்படி தனி ஆளுக்கு வருஷம் 31,300 டாலர், மூணு பேர் குடும்பத்துக்கு 53,300. 2025 செப்டம்பரில் மெட்ரோ சாதாரணக் கட்டணம் 3 டாலராச்சு, லிஃப்ட் கார்டுக்கு 1 டாலர்தான். போக வர தினம் 4 டாலர் மிச்சம். மாசம் 22 நாள் வேலைன்னா 88 டாலர், வருஷத்துக்கு ஆயிரத்துக்கு மேல. ஊருக்குப் போக பாதி விமான டிக்கெட்டுங்க!

எங்க குடியிருப்பில் ஒரு அண்ணன் இருக்கார். உணவகத்தில் சமையல் வேலை, ரெண்டு பஸ் மாறிப் போவார். விஷயத்தைச் சொன்னேன். "வேணாம் தம்பி"ன்னுட்டார்.

"ஏண்ணே, ஊர்ல உங்கம்மா 2021-லேர்ந்து டவுன் பஸ்ல காசு குடுக்காமத்தானே போறாங்க?"

"அது எல்லாப் பொம்பளைங்களுக்கும் தம்பி. கையைக் காட்டுனா ஏறிக்கலாம். இதுல நான் ஏழைன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போடணும்ல?"

பதில் சொல்ல வாய் வரலை எனக்கு. எல்லாருக்கும்னு குடுக்குறதுக்கும், தகுதியை நிரூபிச்சு வாங்குறதுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடச் சுருக்கமா யாரும் சொல்லிக் கேட்டதில்ல. எல்லாருக்கும் குடுத்தா வசதியானவங்களும் ஏறுவாங்க, செலவு கூடும். கணக்குப் பாத்துக் குடுத்தா காசு மிச்சம், ஆனா மானஸ்தன் ஒதுங்கிப் போயிடுவான்.

ஒரு வாரம் கழிச்சு அவரே வந்து, "அங்க போய் வரிசையில நிக்கணுமா?"ன்னு கேட்டார். வேணாம்ணே, ஆன்லைன்லயே போடலாம்னேன். "விசா, கிரீன்கார்டெல்லாம் கேப்பாங்களா?" அந்தக் கேள்வியே கிடையாதுன்னேன். அடையாள அட்டையையும், கடைசி ஒரு மாச சம்பளச் சீட்டையும் செல்போன்ல படம் பிடிச்சு ஏத்தினோம். பொண்ணுக்கு ஒண்ணும் போட வேண்டியதில்ல, 2022 செப்டம்பரிலிருந்து 18 வயசு வரைக்கும் எல்லாருக்கும் இலவசம். அங்கே பாருங்க, பிள்ளைகளுக்கு மட்டும் நம்ம ஊர் டவுன் பஸ் நியாயம் :-)

ஆரம்பத்தில் இதை நேரில் பதியத்தான் ஏற்பாடு. 2014 வாக்கில் ஒபாமா கேர் காப்பீட்டுக்கு ஆள் சேர்த்த அதே பொதுச் சுகாதாரத் துறை ஆட்களை வச்சே இதையும் செஞ்சாங்க. நல்ல யோசனை. அரசு மருத்துவக் காப்பீடோ உணவு உதவி அட்டையோ ஏற்கெனவே இருந்தா அதுவே அத்தாட்சி, சம்பளச் சீட்டு வேணாம். ஒருத்தரை எத்தனை தடவைதான் ஏழைன்னு நிரூபிக்கச் சொல்றது?

ஆன்லைன் வந்ததுல பெரிய லாபம் வேகம்னு நினைச்சிருந்தேன். இல்லீங்க, எதிர்ல ஒரு முகம் இல்லாததுதான். ஆனா செல்போன் பழகாத பெரியவங்களுக்கும், சம்பளச் சீட்டே கைக்கு வராத வேலையில இருக்கிறவங்களுக்கும் அந்த முகம்தான் தேவை. ரெண்டு வழியும் திறந்திருக்கணும்.

கடைசியா ஒண்ணு. கார்டுக்குப் பொதுவா 2 வருஷம்தான் ஆயுசு. புதுப்பிக்காம விட்டா சத்தமில்லாம முழுக் கட்டணம் பிடிக்க ஆரம்பிச்சுடும். அண்ணன் வீட்டு காலண்டர்ல வட்டம் போட்டாச்சு. உங்களுக்குத் தெரிஞ்ச சமையல்காரர், பிள்ளை பாத்துக்கிற அக்கா, கடையில நிக்கிற தம்பி யாராவது இருந்தா சொல்லி வைங்க. "உங்களுக்குத் தகுதி இருக்கு"ன்னு சொல்லுங்க. "நீங்க ஏழை"ன்னு மட்டும் ஆரம்பிச்சுடாதீங்க.