பாஸ் கேட்காத மலை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் கொண்டை ஊசி வளைவுகள் மொத்தம் 20. பதினெட்டாவதில் கார் நின்றுவிட்டது. ரிப்பேர் இல்லை சார், டிராஃபிக்! 2025 மே மாத ஞாயிற்றுக்கிழமை.

ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் ஐகோர்ட் உத்தரவுப்படி இ-பாஸ். 2025 ஏப்ரலில் கணக்கும் வைத்தார்கள்: ஊட்டிக்கு சாதாரண நாளில் 6,000 வண்டி, சனி, ஞாயிறு 8,000. ஏற்காட்டுக்கு எதுவும் கிடையாது. (சனிக்கிழமை ராத்திரி பிளான் போடுகிற என் போன்ற ஆசாமிகளுக்கு வேறென்ன வேண்டும்?)

ஒருவழியாக ஏரிக்கரை. பஜ்ஜிக் கடை அக்கா பழைய பழக்கம். 2020 செப்டம்பரில் மற்ற ஊர்களுக்கெல்லாம் இ-பாஸ் எடுத்துவிட்ட பிறகும் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காட்டுக்கு மட்டும் கேட்டார்களே, அந்த வருஷம் கடையில் அடுப்பே எரியவில்லை.

"அப்ப அடகு வச்ச கம்மல் தம்பி. போன சீசன்லதான் மீட்டேன்" என்று காதைத் தொட்டுக் காட்டினார்.

"அப்ப பாஸே வேணாங்கறீங்க?"

சட்டியில் பஜ்ஜியைத் திருப்பிப் போட்டார். "அப்படியும் சொல்ல முடியலியே! போன மாசம் மாமியாருக்கு மூச்சுத் திணறல். சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம்... வளைவுல ஆம்புலன்ஸ் ஒரு மணி நேரம் நின்னுடுச்சு. ஞாயித்துக்கிழமை பாருங்க."

பஜ்ஜி தொண்டையில் நின்றது. "இப்ப எப்படி இருக்காங்க?"

"இருக்காங்க. மிளகா கீறித் தர்றதே அவங்கதான்."

அதற்குள் பின்னால் ஒரே ஹார்ன் சத்தம். "யாருப்பா இது, பாதி ரோட்டை அடைச்சு நிறுத்தினது?"

தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். என் கார்தான்.