கம்ப்யூட்டர் சாவியும் கைக்கம்பியும்

"மலருக்குக் கதை, கவிதை, கட்டுரை தரலாம்" என்று யூனியன்காரர்கள் நோட்டீஸ் ஒட்டியபோது என்னிடம் கவிதை எதுவும் இல்லை. இருப்பது 14 பூட்டுகள்தான். அதனால் பூட்டைப் பற்றியே எழுதுகிறேன். போன வருஷம் விடுதியில் என்னைப் பற்றிக் காதும் காதும் வைத்த மாதிரி பேசப்பட்ட ஒரு விஷயத்துக்கு இதையே என் பதிலாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

என் தாய்மாமா திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். அங்கே பேர்பெற்றது லீவர் பூட்டு. உள்ளே பித்தளைத் தகடுகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு தகட்டையும் சாவி சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். அந்தத் தகடுகளைக் கையால் அரம் வைத்து ராவுவதுதான் மாமாவின் வேலை. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே என்று கேட்டால், "குறியீடு கெடக்கட்டும்டா, லீவர் ராவ ஆளு எங்கடா இருக்கான்?" என்பார். ஒரு லீவு நாளில் சாவி தொலைந்த பழைய பூட்டு ஒன்றை இரண்டு கம்பியால் என் கண் முன்னே திறந்து காட்டினார். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இது.

பாலிடெக்னிக்கில் சேர்ந்த பிறகு பின் பூட்டுக்கு வந்தேன். லைனஸ் யேல் 1860-களில் காப்புரிமை வாங்கிய அமைப்புதான் இன்றைக்கும் பாதி வீடுகளில் இருக்கிறது. ஓர் உடம்பு, அதற்குள் சுழலும் ஓர் உருளை. இரண்டையும் ஊடுருவி வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு பின், ஒரு ஸ்பிரிங். பின்கள் இரண்டும் சந்திக்கும் இடம் உருளையின் விளிம்புக்கு நேராக வந்தால் உருளை சுற்றும். ஒரு பின் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் சுற்றாது.

அப்புறம் எப்படிச் சாவி இல்லாமல் திறக்கிறது? இங்கேதான் நம்ம மெட்ராலஜி பாடம் வருகிறது. எந்தத் துளையையும் எந்த மெஷினும் நூற்றுக்கு நூறு ஒரே கோட்டில் போட முடியாது. டாலரன்ஸ் என்று ஒன்று உண்டு. உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்தால் எல்லாப் பின்னும் ஒரே நேரத்தில் மாட்டாது, ஏதோ ஒன்று மட்டும் முதலில் இறுகும். அதைத் தேடிப் பிடித்துத் தள்ளினால் 'டிக்' என்று ஒரு சின்ன அசைவு. அடுத்து இன்னொன்று இறுகும். "லிமிட்ஸ் அண்ட் ஃபிட்ஸ்" பாடத்தில் நான் வாங்கிய மார்க் 41. ஆனால் அந்தப் பாடம் எனக்குப் புரிந்தது விரல் நுனியில்தான்.

நாலாவது செமஸ்டரில் டிம்பிள் பூட்டு கைக்கு வந்தது. சாவி போடுபவர்கள் "கம்ப்யூட்டர் சாவி" என்பார்களே, அதுதான். பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், உள்ளே கம்ப்யூட்டரும் இல்லை, கரண்டும் இல்லை. சாதாரணச் சாவியில் ஓரத்தில் பல் வெட்டியிருக்கும். இதில் தட்டையான முகத்தில் ஆழம் ஆழமாகக் குழி போட்டிருக்கும். எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் நுழையும். சுவிட்சர்லாந்தில் காபா நிறுவனம் 1934-லேயே இந்த வகையைக் கொண்டுவந்துவிட்டது.

இதில் பழைய கம்பி வேலைக்கு ஆகவில்லை. சாவித் துவாரம் தட்டையாக, படுத்த மாதிரி இருக்கிறது. பின்னை நெம்பித் தூக்க உள்ளே இடம் கிடையாது. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியின் நுனியைத் தட்டி, கிரைண்டரில் தேய்த்து, சின்னக் கொடி மாதிரி செய்துகொண்டேன். அதை உள்ளே விட்டு, தூக்காமல், முறுக்க வேண்டும். கொடி திரும்பும்போது அதன் விளிம்பு பின்னை அழுத்தும். ஒரு மயிரிழை கூடிப்போனால் பின் எல்லை தாண்டிவிடும், மறுபடி முதலிலிருந்து. 23 நாள் ஒரே பூட்டு. கை வலி, கண் எரிச்சல், பக்கத்துக் கட்டில்காரனின் திட்டு. 24-ஆம் நாள் ராத்திரி அது சுற்றியது.

நான் செய்த தப்பு அடுத்த நாள் நடந்தது.

சாப்பாட்டு நேரத்தில் வராந்தாவில் கூட்டம் கூட்டி, செல்போனில் நேரம் பார்க்கச் சொல்லி, அந்தப் பூட்டை 6 நிமிஷத்தில் திறந்து காட்டினேன். விசில் பறந்தது. என் நண்பன் ஒருவன், பெயர் வேண்டாம், என் யோசனையைக் கேட்டுத்தான் அதே கம்பெனி, அதே மாடல் பூட்டு வாங்கி ரூமுக்குப் போட்டிருந்தான். அவனும் கூட்டத்தில் நின்று கை தட்டினான்.

சரியாக 11 நாள் கழித்து, அவன் மெஸ் பில் கட்டப் பெட்டியில் வைத்திருந்த 3,500 ரூபாய் காணாமல் போனது. கதவுப் பூட்டு உடையவில்லை. பூட்டியது பூட்டியபடி இருந்தது.

யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் கொடுமை. குளிக்கப் போகிறவன் பர்ஸைக் கையோடு எடுத்துப் போனான். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றது. இரண்டாம் நாள் நானே மெட்ராலஜி லேப் சாரிடம் போய், "சார், அந்தப் பூட்டைப் பிரிச்சுப் பாக்கணும். நான் தொட மாட்டேன், நீங்களே பிரிங்க" என்றேன். சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாத்து என்னடா தெரியும்?"

தெரியும் சார், என்றேன். சாவி ஒவ்வொரு தடவையும் ஒரே வழியில் போய் வருகிறது, பின்னின் முனையில் வழவழப்பான தேய்மானம்தான் விழும். கம்பி அப்படி இல்லை, எஃகு முனை கண்டபடி உரசிப் புதுக் கீறல் போட்டுவிடும். வெளிநாட்டில் பூட்டுத் தடயம் பார்ப்பவர்கள் இதை வைத்துத்தான் சொல்கிறார்கள்.

நண்பன் தன் பூட்டைக் கொண்டுவந்தான். நான் என் பூட்டை வைத்தேன். சார் இரண்டையும் பிரித்து, பின்களை டூல்மேக்கர்ஸ் மைக்ரோஸ்கோப்பில் 30 மடங்கு பெரிதாக்கிக் காட்டினார். என் பூட்டின் பின்களில் கோழி கிளறிய குப்பை மாதிரி கீறல். அவன் பூட்டில் ஒன்றுகூட இல்லை, வழவழவென்று இருந்தது. திறந்தது சாவிதான்.

அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது, இரண்டாவது சாவியை ஜன்னல் மேல்கட்டையில் வைத்திருந்தது. அது பாதி விடுதிக்குத் தெரியும். எடுத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. பணமும் வரவில்லை.

வெளியே வந்து அவனைக் கேட்டேன்: "மாப்ளே, உண்மையைச் சொல்லு. என்மேல சந்தேகப்பட்டியா?"

"ஆமாடா. ரெண்டு நாள்."

பொய் சொல்லியிருந்தால் அன்றோடு எங்கள் நட்பு முடிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறவர்கள் இரண்டு விதி சொல்வார்கள். உன்னுடையது அல்லாத பூட்டைத் தொடாதே, புழக்கத்தில் இருக்கும் பூட்டைத் தொடாதே. இரண்டையும் நான் மீறவில்லை. ஆனாலும் மாட்டினேன். ஏன் என்பதற்கு ஒரு பழைய கதையில் விடை கிடைத்தது. லண்டனில் பிராமா கம்பெனி 1790-இல் தன் கடை ஜன்னலில் ஒரு பூட்டை வைத்து, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று சவால் விட்டது. 1851-இல் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் 16 நாளில், மொத்தம் 51 மணி நேரம் உழைத்துத் திறந்தார். எனக்கு முக்கியமாகப் பட்டது மணிக் கணக்கு அல்ல. பூட்டுக்குச் சொந்தக்காரர்களின் சம்மதத்தோடு, நடுவர் குழு வைத்து, நிபந்தனை பேசிக்கொண்டு செய்தார். நானோ என் நண்பன் கதவில் தொங்கும் பூட்டின் பலவீனத்தை, அவனிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லாமல், ஊர் கூட்டிக் காட்டினேன். கைதட்டலுக்காக அவன் நிம்மதியைச் செலவு செய்தேன். திருடு போனது சாவியால் என்றாலும், இந்தக் கணக்கு என் பேரில்தான்.

இப்போதும் பூட்டுத் திறக்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு, என் பூட்டை மட்டும். யாராவது பூட்டு வாங்க யோசனை கேட்டால் அதன் குறையையும் அவரிடமே சொல்கிறேன்.

போன மாதம் அவன் புதுப் பூட்டு வாங்க என்னையே கடைக்குக் கூட்டிப் போனான். வாங்கியதும் இரண்டாவது சாவியைக் கழற்றி என் கையில் கொடுத்தான். "நீயே வெச்சிக்கடா. உனக்குச் சாவி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரக் கொஞ்ச நேரம் ஆனது.

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்