சீனன்குடா: துறைமுகத்துக்குத் தாமதமாக வந்த தண்டவாளம்

கண்டிக்கு 1867இலேயே ரயில் போய்விட்டது. காங்கேசன்துறைக்கு 1905இல் போனது. உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றை வைத்திருக்கும் திருகோணமலை மட்டும் 1927 வரை காத்திருந்தது. மலைநாட்டுக் கோப்பியும் பின்னால் தேயிலையும் கொழும்பில் கப்பலேறின. அங்கே அலைதாங்கி கட்டப் பணத்தைக் கொட்டினார்கள். திருகோணமலை வெள்ளைக்காரருக்குக் கடற்படைத் தளம், அவ்வளவுதான். கடலே கட்டிக் கொடுத்த துறைமுகத்தை விட்டுவிட்டுக் கல்லைக் கொட்டி இன்னொன்றை எழுப்பியதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையை விட்டுப் பிரியும் கிளை, கந்தளாயையும் தம்பலகாமத்து வயல்களையும் கடந்து, திருகோணமலைக்கு முந்திய நிலையமாகச் சீனன்குடாவைத் தொடுகிறது. கொழும்பிலிருந்து இரவு அஞ்சல் வண்டியில் வருகிறவர்கள் தம்பலகாமம் கழிந்ததும் எழும்பிப் பைகளை இறக்கத் தொடங்குவார்கள். வயல்காற்று உப்புக்காற்றாக மாறுவது சன்னலோரத்தில் இருப்பவருக்கு முகத்திலேயே தெரியும்.

ஊரின் அடையாளம் எண்ணெய்க் குதங்கள். இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில், நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறிய பிரித்தானியக் கடற்படை இவற்றைக் கட்டியது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். பக்கத்திலேயே விமானத்தளமும் எழுந்தது. 1942 ஏப்ரல் 9 காலையில் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் தளத்தையும் தாக்கின. குதம் ஒன்றின் மேல் விமானம் விழுந்து, அது நாட்கணக்கில் எரிந்தது. வெந்து உருக்குலைந்த அதன் இரும்பு இன்னும் அங்கேதான் கிடக்கிறது. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கியது. 1957இல் பிரித்தானியர் தளத்தைக் கைவிட்டுப் போனார்கள். விமானத்தளம் இப்போது இலங்கை விமானப்படையிடம் இருக்கிறது.

தண்டவாளத்துக்கு உண்மையான வேலை கொடுத்தது மா ஆலை. சிங்கப்பூர்ப் பிறீமா நிறுவனம் 1980இல் குடாக்கரையில் ஆலையைத் திறந்தது. கோதுமைக் கப்பல்கள் ஆலையின் சொந்த இறங்குதுறையிலேயே வந்து கட்டும். அரைத்த மா சரக்குப் பெட்டிகளில் கொழும்புக்குப் புறப்படும். நாட்டின் பேக்கரிகளில் வேகும் பாணில் பெரும்பங்கு இந்தக் கரையில் அரைபட்ட மாவுதான். உள்நாட்டுப் போர்க்காலத்தில் பாதையில் ஓட்டம் தடைப்பட்டதுண்டு. ரயில் நின்றால் ஊரின் உழைப்பும் முடங்கும் என்பதைச் சீனன்குடாக்காரர் அப்போதே அனுபவித்து அறிந்தார்கள்.

குதங்களின் கதை அப்படி நிமிரவில்லை. 2003இல் லங்கா ஐ.ஓ.சி. வந்தபின் கீழ்ப்பகுதிக் குதங்கள் இயங்கின. மேற்பகுதியில் மரங்கள் குதங்களுக்கு மேலாக வளர்ந்து மூடிவிட்டன. 2022 சனவரி ஒப்பந்தப்படி 99 குதங்களில் 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 ஐ.ஓ.சி.க்கு, மீதி 61ஐ இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனம் நடத்த வேண்டும். குதங்களைத் திருத்துவது பற்றிப் பேசுகிறவர்கள் அந்த ஒற்றைத் தண்டவாளத்தையும் சேர்த்துப் பேச வேண்டும். 61 குதங்களும் நிரம்பினால், அந்த எண்ணெயை முழுக்கப் பவுசர்களில் ஏற்றிக் கந்தளாய் வீதியால் அனுப்ப முடியாது. ரயில்பாதை கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது.